வலிப்பு மாத்திரையே வலிப்பைக் கூட்டுமா?

வியாசர்பாடியிலோ கொருக்குப்பேட்டையிலோ ஒரு வீட்டில் பிள்ளைக்கு பிட்ஸ் வந்துவிட்டால், அன்று சாயங்காலத்துக்குள் தெருவே வைத்தியராகிவிடும். சாவிக்கொத்தைக் கையில் திணிப்பதில் ஆரம்பித்து, "எங்க அக்கா பையனுக்கு எப்டாயின்லதான் நின்னுச்சு, நீயும் அதையே கேட்டு வாங்கு" என்பது வரை யோசனைகள் வந்து குவியும். சாவிக்கொத்து விஷயம் எளிது. பெரும்பாலான வலிப்பு ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாக நின்றுவிடும், பெயர் மட்டும் சாவிக்குப் போகும். மாத்திரை யோசனைதான் ஆபத்து. ஒருவருக்கு வலிப்பை நிறுத்திய அதே மாத்திரை இன்னொருவருக்கு வலிப்பைக் கூட்டிவிடும். போலி மாத்திரையாக இருக்க வேண்டியதில்லை, காலாவதியாகியிருக்க வேண்டியதில்லை. சரியான அளவில், சரியான நேரத்தில், சாப்பாட்டுக்குப் பின் ஒழுங்காக விழுங்கினாலும் இது நடக்கும்.

நோயைத் தீர்க்க வந்த மருந்து எப்படி நோய்க்குத் துணை போகும்? இதற்குப் பதில் சொல்ல, கொஞ்சம் அடியிலிருந்து வர வேண்டும்.

வலிப்பு என்பது ஒரே நோய் அல்ல

மூளையின் நரம்பணுக்கள் சின்னச் சின்ன மின் துடிப்புகளால் பேசிக்கொள்கின்றன. சில அணுக்கள் பக்கத்து அணுவைத் தூண்டிவிடும், சில அடக்கிவைக்கும். இந்த இரண்டுக்கும் இடையிலான சமன் திடீரென்று கெட்டு, ஏராளமான அணுக்கள் ஒரே நேரத்தில் துடிக்கத் தொடங்கினால் அதுதான் வலிப்பு. காய்ச்சல், சர்க்கரை இறங்குவது போன்ற உடனடிக் காரணம் எதுவும் இல்லாமல், ஒரு நாளுக்கு மேல் இடைவெளி விட்டு இரண்டு முறை வந்தால் அதை வலிப்பு நோய் என்கிறார்கள். உலகத்தில் சுமார் 5 கோடிப் பேருக்கு இது இருக்கிறது. சரியான மருந்து கிடைத்தால் பத்தில் ஏழு பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அந்தச் "சரியான" என்ற சொல்லைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை முழுவதும்.

ஆஸ்பத்திரிச் சீட்டில் இரண்டு சொற்களை அடிக்கடி பார்க்கலாம். மூளையின் ஒரு மூலையில் தொடங்குவது ஃபோக்கல். ஒரு கை மட்டும் இழுக்கும், வாய் ஒரு பக்கம் கோணும், அல்லது ஆள் ஒன்றிரண்டு நிமிடம் எதையோ மென்றபடி வெறித்துப் பார்ப்பார். நம் ஊரில் இதற்கு ஒரு முக்கியமான காரணம், நாடாப்புழுவின் முட்டை உணவு வழியாக உள்ளே போய் மூளையில் கட்டியாக உட்கார்ந்துவிடுவது. இரண்டாவது ஜெனரலைஸ்டு. இதில் மூளையின் இரு பாதிகளும் தொடக்கத்திலேயே சேர்ந்துகொள்ளும். பெரும்பாலும் பரம்பரைக் கூறு இருக்கும், எம்.ஆர்.ஐ. எடுத்தால் சுத்தமாக இருக்கும்.

சிக்கல் என்னவென்றால், இரண்டுமே கடைசியில் கை கால் இழுத்து, நுரை தள்ளி, நினைவு தப்புவதில் போய் முடியலாம். பார்ப்பவர் கண்ணுக்கு எல்லாமே ஒரே காக்கா வலிப்புதான். மாத்திரைக்கு அப்படியில்லை.

மாத்திரைகள் எங்கே கை வைக்கின்றன

1. சோடியம் வாசலை அடைப்பவை. நரம்பணுவுக்குள் சோடியம் பாய்ந்தால்தான் அது துடிக்கும். பெனிட்டோயின், கார்பமாசெபின், ஆக்ஸ்கார்பசெபின், லாமோட்ரிஜின் ஆகியவை அந்த வாசலைக் கொஞ்சம் நேரம் பூட்டிவைக்கும். மிக வேகமாகத் துடிக்கும் அணுவுக்குத்தான் பூட்டு அதிகம் விழும். ஓரிடத்தில் தொடங்கும் வலிப்புக்கு அருமையான மருந்துகள். மருந்துக்கடையில் எப்டாயின் (பெனிட்டோயின்), டெக்ரிடால் (கார்பமாசெபின்) என்று கேட்டு வாங்குவதெல்லாம் இந்த வகைதான்.

2. காபா என்ற அடக்கும் வேதிப்பொருளுக்குக் கை கொடுப்பவை. பினோபார்பிட்டோன், குளோபசம், குளோனசெபம், விகாபட்ரின்.

3. டி வகைக் கால்சியம் வாசலை அடைப்பது. எத்தோசக்சிமைடு. வேலை குறுகியது, ஆனால் அந்த வேலையில் கெட்டி.

4. பல இடங்களில் கை வைப்பவையும், தனி வழியில் போகிறவையும். சோடியம் வால்ப்ரோயேட் முதல் ரகம், லெவெடிராசெட்டம் இரண்டாவது. எந்த வகை வலிப்பு என்று தெளிவாகாதபோது மருத்துவர்கள் இவற்றை நாடுவதற்குக் காரணம், இவை எதிராகத் திரும்புவது குறைவு என்பதுதான்.

வரலாற்றில் ஒரு சின்ன விஷயம். பெனிட்டோயின் 1938-இல் வந்தபோதே பெரிய வலிப்புக்கு அது கொடுத்த பலனைப் பார்த்து மருத்துவ உலகம் அசந்துபோனது. பினோபார்பிட்டோனைப் போலத் தூங்கவும் வைக்கவில்லை. ஆனால் பிள்ளைகள் சில நொடி உறைந்துபோகும் சின்ன வலிப்பை அது தொடவில்லை. பூட்டு பல ரகம், சாவியும் பல ரகம் என்பதற்கான முதல் தடயம் அப்போதே கிடைத்துவிட்டது.

ஊஞ்சலைப் பின்னால் இழுத்தால்

அந்த உறைந்துபோகும் வலிப்புக்கு ஆப்சென்ஸ் என்று பெயர். பெரும்பாலும் 4 வயதுக்கும் 10 வயதுக்கும் இடையில் தொடங்கும். பிள்ளை பேசிக்கொண்டே இருக்கும்போது பாதி வார்த்தையில் நின்றுவிடும். கண் ஒரு புள்ளியில் நிலைக்கும், இமை லேசாகத் துடிக்கும். பத்துப் பதினைந்து நொடியில் விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடரும். ஒரு நாளில் பத்து, இருபது, ஐம்பது தடவைகூட வரலாம். "பாடம் நடத்தும்போது கனவு காண்கிறான்" என்று டீச்சர் டைரியில் எழுதி அனுப்புவார்.

மூளையின் நடுவில் தாலமஸ் என்று ஒரு பகுதி உண்டு. அதற்கும் மூளையின் மேற்புறணிக்கும் இடையே துடிப்பு போய்ப் போய் வரும். ஆப்சென்ஸில் இந்தப் போக்குவரத்து ஒரு தாளத்தில் மாட்டிக்கொள்கிறது, நொடிக்கு மூன்று வீதம். மூளையின் மின் துடிப்பைப் பதியும் இ.இ.ஜி. தாளில் பார்த்தால் கோலத்தில் ஒரே வளைவைத் திரும்பத் திரும்பப் போட்டது மாதிரி இருக்கும்.

இந்தத் தாளத்தை ஊஞ்சலாக நினைத்துக்கொள்ளுங்கள். காபா ஊஞ்சலைப் பின்னால் இழுக்கிறது. எவ்வளவு பின்னால் போகிறதோ, அந்த அளவுக்கு டி வகைக் கால்சியம் வாசல்கள் திறக்கத் தயாராகின்றன. பிடி தளர்ந்ததும் அவை மொத்தமாகத் திறக்க, அணு வெடித்தாற்போல் துடிக்கும். அந்தத் துடிப்பு மறுபடி காபாவைக் கூப்பிடும், ஊஞ்சல் மறுபடி பின்னால் போகும்.

இப்போது காபாவைக் கூட்டும் விகாபட்ரினையோ டியாகபினையோ கொடுத்தால் என்ன ஆகும்? அடக்கும் பொருளைக் கூட்டுகிறோம், வலிப்பு குறைய வேண்டும் என்றுதான் தோன்றும். நடப்பது, ஊஞ்சல் இன்னும் பின்னால் இழுபட்டு இன்னும் வேகமாக முன்னால் வருவது. கார்பமாசெபினும் இந்தப் பிள்ளைகளுக்கு ஆகாது. அது தாலமஸில் காபாவின் வேலையைக் கூட்டுவதை எலிகளில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சில பிள்ளைகளுக்கு விட்டு விட்டு வந்த உறைதல் முடிவில்லாமல் நீண்டு, மணிக்கணக்கில் மந்தமாக உட்கார்ந்திருப்பார்கள். வீட்டில் "மாத்திரை அசதி" என்று விட்டுவிடுவார்கள். அது அசதி இல்லை, நிற்காமல் ஓடும் வலிப்பு. அவசரமாகப் பார்க்க வேண்டியது.

காபா என்றாலே ஆகாது என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. குளோபசமும் குளோனசெபமும் ஆப்சென்ஸுக்கு உதவவே செய்யும், அவை தாலமஸில் பிடிக்கும் இடம் வேறு. எத்தோசக்சிமைடு நேராகப் போய் டி வாசலை அடைக்கிறது. அமெரிக்காவில் 453 பிள்ளைகளை வைத்து நடத்தி 2010-இல் வெளியான ஆய்வில், 16 வாரம் கழித்துப் பார்த்தபோது எத்தோசக்சிமைடு 53 சதவீதம் பேருக்கும் வால்ப்ரோயேட் 58 சதவீதம் பேருக்கும் கைகொடுத்திருந்தது. லாமோட்ரிஜின் 29 சதவீதத்தோடு நின்றுவிட்டது.

கையை விட்டுப் பறக்கும் டீ டம்ளர்

எம்.கே.பி. நகரில் பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். ராத்திரி ஒரு மணி வரை படிப்பு, ஐந்து மணிக்கு எழுந்து அடிபம்பில் தண்ணீர். கொஞ்ச நாளாகக் காலையில் பல் துலக்கும்போது பிரஷ் கையிலிருந்து எகிறி விழுகிறது. டீ டம்ளர் தோள் வரை ஒரு வெட்டு வெட்டிச் சிந்துகிறது. "கையில பிடிப்பே இல்ல இந்தப் பொண்ணுக்கு, ராத்திரியெல்லாம் செல்லு பார்த்தா இப்படித்தான்" என்பதோடு அம்மா முடித்துக்கொள்கிறார். ஒரு நாள் காலை குளியலறையில் முழு வலிப்பு வருகிறது. ஓ.பி.யில் "எத்தனை தடவை வந்துச்சும்மா?" என்று கேட்கிறார்கள். "இதான் டாக்டர் முதல் தடவை." வரிசை நீளம். கார்பமாசெபின் எழுதிக் கொடுக்கிறார்கள்.

டம்ளர் விழுந்த கதையை யாரும் சொல்லவில்லை. அதை நோய் என்று நினைத்தால்தானே சொல்லத் தோன்றும்?

இரண்டு மூன்று வாரத்தில், காலையில் மட்டும் இருந்த வெட்டு பகலிலும் வரத் தொடங்குகிறது. பேனா எகிறுகிறது. மருந்து போதவில்லை என்று நினைத்து டோஸ் கூட்டப்படுகிறது. வெட்டு இன்னும் கூடுகிறது. இந்த இடத்தில்தான் குடும்பங்கள் வருடக்கணக்கில் மாட்டிக்கொள்கின்றன.

இவளுக்கு இருப்பது ஜுவனைல் மயோக்ளோனிக் எபிலெப்சி. மயோக்ளோனஸ் என்றால் மின்சாரம் தொட்டது போன்ற ஒரு நொடி வெட்டு. நினைவு தப்பாது. ஜெர்மன் மருத்துவர் டீட்டர் யான்ஸ் 1957-இலேயே இதை விவரமாக எழுதிவிட்டார். பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வயதுக்குள் தலைகாட்டும், தூங்கி எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் வரும், தூக்கம் கெட்டாலோ முந்தின ராத்திரி குடித்திருந்தாலோ கூடும். விடியலுக்கு முன் காசிமேட்டு மீன் ஏலத்துக்குப் போகிற பையன்களுக்கும் இரவு ஷிஃப்ட் முடித்து வருபவர்களுக்கும் இது என்ன பாடுபடுத்தும் என்று யோசித்துப் பாருங்கள்.

கார்பமாசெபின், ஆக்ஸ்கார்பசெபின், பெனிட்டோயின் மூன்றும் இந்த வெட்டைக் கூட்டக்கூடியவை. லாமோட்ரிஜின் சிலருக்கு உதவும், சிலருக்குக் கூட்டும். அதிகம் கவனிக்கப்படாத இன்னொன்று, நரம்பு வலிக்குத் தாராளமாக எழுதப்படும் பிரிகாபலினும் காபாபென்டினும். எலும்பு டாக்டர் இடுப்பு வலிக்கு எழுதும்போது "எனக்கு பிட்ஸ் மாத்திரை ஓடுது, காலைல கை வெட்டும்" என்று சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

வால்ப்ரோயேட் இதற்கு நன்றாகக் கேட்கும். ஆனால் கருவிலிருக்கும் குழந்தைக்கு அது கெடுதல். கர்ப்ப காலத்தில் இதை எடுத்துக்கொண்ட தாய்மார்களுக்குப் பிறந்த 100 குழந்தைகளில் சுமார் 10 பேருக்குப் பிறவிக் குறை வருகிறது, பொதுவாக அது 2 அல்லது 3 தான். படிப்பு, பேச்சு வளர்ச்சியில் பின்தங்குவது 30 முதல் 40 பேர் வரை. அதனால் வயதுக்கு வந்த பெண்களுக்கு முதலில் லெவெடிராசெட்டம் போன்றதைப் பார்ப்பார்கள். அதில் சிலருக்கு எரிச்சல், கோபம் கூடும். இந்தப் பேச்சு அம்மாவிடம் மட்டும் முடிந்துவிடக் கூடாது. மாத்திரை விழுங்கப்போவது அந்தப் பெண்தான்.

கன்டெய்னர் லாரியும் போக்குவரத்துக் காவலரும்

ஆப்சென்ஸுக்கும் காலை வெட்டுக்கும் அடுத்து வரும் மூன்றாவது நோய் அரிது, ஆனால் மருந்து எதிராகத் திரும்புவதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குக் காய்ச்சலிலோ சுடுதண்ணீர்க் குளியலுக்குப் பிறகோ நீண்ட வலிப்பு வரும், பல சமயம் உடம்பின் ஒரு பாதியில் மட்டும். அடுத்த முறை மறு பாதியில் வரலாம். தடுப்பூசிக் காய்ச்சலின்போது முதல் வலிப்பு வந்தால் பழி ஊசி மேல் விழும், காரணம் மரபணுவில் இருக்கும். பிரெஞ்சு மருத்துவர் ஷார்லட் திராவே 1978-இல் விவரித்ததால் இது திராவே சிண்ட்ரோம். இதில் பெரும்பாலானவர்களுக்கு எஸ்.சி.என்.1.ஏ. என்ற மரபணுவில் கோளாறு இருப்பது 2001-இலிருந்து தெரியவந்தது.

அந்த மரபணுதான் ஒரு வகைச் சோடியம் வாசலைக் கட்டுவது. வாசல் பழுது என்றால் அணு குறைவாகத்தானே துடிக்க வேண்டும், வலிப்பு ஏன் வருகிறது? இதற்கு விடை 2006-இல் எலிகளில் கிடைத்தது. அந்த வாசலை அதிகம் நம்பியிருப்பவை அடக்கும் அணுக்கள்.

எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளை நினைத்துக்கொள்ளுங்கள். லாரிகள் தூண்டும் அணுக்கள், சந்திப்பில் நிற்கும் காவலர்கள் அடக்கும் அணுக்கள். திராவே குழந்தையின் மூளையில் லாரிகளுக்குக் குறையில்லை, காவலர்களுக்குத்தான் பாதி பலம். அங்கே சோடியம் வாசலை அடைக்கும் மருந்தைக் கொடுத்தால், அது லாரியை மட்டும் பார்த்துப் பிடிப்பதில்லை. ஏற்கெனவே தள்ளாடும் காவலரையும் உட்கார வைத்துவிடும். 1998-இல் வெளியான ஓர் ஆய்வில், லாமோட்ரிஜின் கொடுக்கப்பட்ட இப்படிப்பட்ட 21 பேரில் 17 பேருக்கு வலிப்பு மோசமானது. அதனால்தான் கார்பமாசெபினையும் பெனிட்டோயினையும் லாமோட்ரிஜினையும் இவர்களுக்குத் தினசரி மருந்தாகக் கொடுப்பதைத் தவிர்க்கிறார்கள். வால்ப்ரோயேட்டும் குளோபசமும் முதலில் வரும்.

இதில் ஒரு திருப்பம் உண்டு. பக்கத்து மரபணுவான எஸ்.சி.என்.2.ஏ.வில் கோளாறு இருந்து, பிறந்த முதல் மூன்று மாதத்துக்குள் வலிப்பு தொடங்கும் குழந்தைகள் பலருக்கு இதே பெனிட்டோயினும் கார்பமாசெபினும்தான் கைகொடுக்கின்றன. அவர்களுடைய வாசல் தேவைக்கு மேல் திறந்து கிடக்கிறது, அடைப்பது சரி.

இன்னும் சில அரிய கோளாறுகளிலும் இப்படி உண்டு. மூளைக்குச் சர்க்கரை போகும் வழி குறைந்த குழந்தைக்கு பினோபார்பிட்டோன் ஆகாது. பி.ஓ.எல்.ஜி. மரபணுக் கோளாறில் வால்ப்ரோயேட் கல்லீரலையே செயலிழக்க வைத்துவிடும். இவையெல்லாம் சிறப்பு மருத்துவர் பார்க்க வேண்டியவை.

கூடியது மருந்தாலா, வேறு எதனாலா?

வலிப்பு கூடினால் உடனே மாத்திரையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட வேண்டாம். பெரும்பாலான சமயம் காரணம் வேறாக இருக்கும்.

1. டோஸ் தவறியது, தூக்கம் கெட்டது, காய்ச்சல், குடி. முதலில் சந்தேகிக்க வேண்டியவை இவை.

2. இன்னொரு மருந்தின் குறுக்கீடு. காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோநியாசிட், பெனிட்டோயினின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். ரிஃபாம்பிசின் இறக்கிவிடும். இரண்டையும் சேர்த்துத்தான் கொடுப்பார்கள் என்பதால் ரத்த அளவைப் பார்ப்பதே வழி.

3. அளவு மீறியது. பெனிட்டோயின் கொஞ்சம் வஞ்சகமான மருந்து. ஒரு கட்டத்துக்கு மேல் கல்லீரலால் அதை இன்னும் வேகமாக வெளியேற்ற முடியாது. 300 மில்லிகிராமில் சரியாக இருப்பவருக்கு 400 ஆக்கினால் ரத்த அளவு இரட்டிப்பாகக்கூட ஆகலாம். வழக்கமான வரம்பு மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம். அதைத் தாண்டினால் நடை தள்ளாடும், பார்வை இரண்டாகத் தெரியும். ரொம்ப அதிகமானால் வலிப்பே கூடும்.

4. ரத்தத்தில் உப்பு இறங்கியது. கார்பமாசெபினும் ஆக்ஸ்கார்பசெபினும் சோடியத்தைக் குறைக்கும், வயதானவர்களுக்கு இன்னும் சுலபமாக. சோடியம் மிகவும் இறங்கினால் அதுவே வலிப்பைக் கொண்டுவரும்.

5. இவை எதுவும் இல்லாமல், மருந்து தொடங்கியதும் கூடி, டோஸ் ஏற்றியதும் இன்னும் கூடி, அதற்கு முன் இல்லாத புது வகை வெட்டோ உறைதலோ வந்திருந்தால், மருந்து பொருந்தவில்லை என்று சந்தேகிக்க இடமிருக்கிறது.

ஒரே மாதிரி தெரியும் இரண்டைப் பிரிப்பதும் வேலைதான். பிள்ளை வெறித்துப் பார்க்கிறது என்றால், பத்து நொடியில் பளிச்சென்று திரும்பினால் ஆப்சென்ஸாக இருக்கலாம். ஒன்றிரண்டு நிமிடம் நீடித்து, வாய் மென்று, அப்புறம் குழம்பிக் கிடந்தால் ஃபோக்கலாக இருக்கலாம். முதலாவதற்கு ஆகாத கார்பமாசெபின் இரண்டாவதற்கு நல்ல மருந்து. மருத்துவர் பிள்ளை கையில் ஒரு காகிதக் காத்தாடியைக் கொடுத்து மூன்று நிமிடம் விடாமல் ஊதச் சொன்னால் விளையாட்டு காட்டுகிறார் என்று நினைக்காதீர்கள். வேகமாக மூச்சு விட்டால் ஆப்சென்ஸ் அங்கேயே வந்துவிடும், அதைக் கண்ணால் பார்க்கத்தான்.

ஆஸ்பத்திரிக்கு எதைக் கொண்டுபோவது

இ.இ.ஜி. இருபது முப்பது நிமிடத்தைத்தான் காட்டும். வீட்டில் நடப்பதைக் காட்டுவது செல்போன். வெட்டு வரும்போதும் உறையும்போதும் வீடியோ எடுங்கள், முகமும் இரண்டு கைகளும் தெரியும்படி. ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, நேரம், முந்தின ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினார், மாத்திரை எப்போது மாறியது என்று எழுதிவாருங்கள். பழைய சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள், எந்த மருந்துக்குப் பிறகு என்ன ஆனது என்பது அவற்றில்தான் இருக்கும். "பெரிய பிட்ஸ்" எத்தனை என்று மட்டும் கேட்டால், கேட்காத சின்னதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "காலைல டம்ளர் விழுது, பேசும்போது நின்னுடுறான்."

செய்யவே கூடாத ஒன்று, இதைப் படித்துவிட்டு மாத்திரையைச் சட்டென்று நிறுத்துவது. பொருந்தாத மருந்தாகவே இருந்தாலும் திடீரென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஐந்து நிமிடத்துக்கு மேல் வலிப்பு நீண்டால் 108-ஐக் கூப்பிட வேண்டியதுதான். மருத்துவர் புது மருந்தை ஏற்றிக்கொண்டே பழையதைப் படிப்படியாக இறக்குவார். அதற்குப் பல வாரம் ஆகும்.

அந்த வாரங்களில்தான் வீட்டில் கூடுதல் கவனம் வேண்டும். விசைப்படகில் போகிறவர் கரையிலேயே வேலை பார்க்கட்டும். வண்டி ஓட்ட வேண்டாம், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியில் ஏற வேண்டாம். குளியலறைக்குத் தாழ்ப்பாள் போடாமல் குளிக்கட்டும், குரல் கேட்கும் தூரத்தில் ஒருவர் இருக்கட்டும். காலை டீயை ஆற்றிக் கொடுங்கள், அதுவும் பாதி டம்ளர்.